1969 ரோட் ரன்னர்: 383 இன்ஜினை எடுத்துவிட்டு 440 அல்லது ஹெமி போடலாமா?

வெண்சாலை – ட்ராய், மிச்சிகன்

எல்லோருக்கும் வணக்கம். பத்து ஆண்டுகள் காசு சேர்த்து, போன மாதம் ஒரு 1969 பிளிமத் ரோட் ரன்னர் வாங்கினேன். இரண்டு கதவு ஹார்ட்டாப், நான்கு கியர், 383 கன அங்குல இன்ஜின். பெயின்ட் வெளுத்துவிட்டது, ஆனால் அடிப்பாகத்தில் துரு குறைவு. வாசலில் நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் நிறைகிறது.

குறையெல்லாம் இன்ஜினில்தான். ஐடிலிங்கில் மிஸ் அடித்து வண்டியே நடுங்குகிறது. நெடுஞ்சாலையில் ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் சத்தம் வருகிற அளவுக்கு வேகம் வருவதில்லை. விற்றவர், “383 பெரிய இன்ஜின் ஒன்றும் இல்லை, எடுத்துவிட்டு 440 போட்டுக்கொள்ளுங்கள்” என்றார். என் மனமோ 426 ஹெமியில் போய் நிற்கிறது. அந்தக் காலத்தில் ரோட் ரன்னருக்குத் தொழிற்சாலையிலேயே ஹெமி போட்டுக் கொடுத்தார்களே, இப்போது நான் போட்டால் என்ன தவறு? ஆகஸ்டு மூன்றாவது சனிக்கிழமை வுட்வர்ட் அவென்யூவில் நடக்கும் கார் அணிவகுப்பில் இந்த வண்டியோடு போக வேண்டும். வழி சொல்லுங்கள்.

வால்வு சத்தம் – டோலிடோ, ஒஹாயோ

தம்பி, வண்டி வாங்கியதற்கு வாழ்த்து. ஸ்பானரைக் கையில் எடுப்பதற்கு முன் இரண்டு இடங்களைப் பார்த்துவிடுங்கள்.

ஒன்று, டேஷ்போர்டின் இடது மூலையில் கண்ணாடி வழியே தெரியும் வண்டி எண். ஆர்எம்23 என்று தொடங்கும். அதை அடுத்து ஐந்தாவது இடத்தில் வரும் எழுத்துதான் இன்ஜின். 1969இல் எச் என்றால் 383, ஜே என்றால் ஹெமி, எம் என்றால் ஆண்டின் நடுவில் வந்த மூன்று கார்புரேட்டர் 440. இரண்டாவது இடம் பிளாக். 1968 முதல் கிரைஸ்லர் நிறுவனம் வண்டி எண்ணின் பிற்பகுதியை இன்ஜின் பிளாக்கிலும் பொறித்தது. 383, 440 போன்ற பெரிய பிளாக்கில் அது ஆயில் பான் விளிம்பை ஒட்டி இருக்கும். ஐம்பது வருட எண்ணெய்ப் பிசுக்கை மண்ணெண்ணெய் விட்டுக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் எழுத்து தெரியும். இரண்டும் ஒத்துப்போனால் அது அந்த வண்டியோடு பிறந்த இன்ஜின். அதற்குப் பிறகு பேசுவோம்.

விற்றவர் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை. 1968இல் ரோட் ரன்னர் வந்தபோது அடிப்படை விலை 2,896 டாலர். அந்த விலைக்குள்ளேயே 383 இன்ஜினுக்கு 440இன் ஹெட் (சிலிண்டர்களை மூடும் தலைப்பகுதி), 440இன் கேம் ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), 440இன் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் எல்லாவற்றையும் போட்டு 335 குதிரைத்திறன் என்று விற்றார்கள். மற்ற பிளிமத் கார்களில் வந்த சாதாரண 383 வேறு, இது வேறு. ரோட் ரன்னர் என்ற காரே இந்த இன்ஜினைச் சுற்றித்தான் கட்டப்பட்டது. இருக்கை சாதாரணம், தரையில் கம்பளம்கூட முதலில் கிடையாது. பணம் முழுவதும் பானெட்டுக்கு அடியில் போனது.

இப்போது செய்ய வேண்டியது: எட்டு சிலிண்டர்களுக்கும் கம்ப்ரெஷன் சோதனை. அளவைகளை இங்கே எழுதுங்கள். அதுவரை யார் சொன்னாலும் இன்ஜினை இறக்காதீர்கள்.

இரட்டை நான்கு – ஆர்பர் ஹில்ஸ் பக்கம்

வால்வு சத்தம் அண்ணன் சொல்வது சரி. ஆனாலும் தம்பியின் ஹெமி ஆசையைச் சும்மா தட்டிவிட எனக்கு மனம் வரவில்லை. அது ஆசைப்பட வேண்டிய இன்ஜின்தான்.

1964 டேடோனா 500 பந்தயத்தில் முதல் மூன்று இடங்களையும் ஹெமி பொருத்திய பிளிமத் கார்கள் பிடித்தன. ரிச்சர்ட் பெட்டி முதலிடம். விற்பனைக்கு வராத இன்ஜினைப் பந்தயத்தில் ஓட்டக் கூடாது என்று அடுத்த ஆண்டு பந்தய அமைப்பான நாஸ்கார் கதவை அடைத்தது. அதனால்தான் 1966இல் தெருவில் ஓட்டும் ஹெமியே பிறந்தது. எரியறை அரைக்கோளமாக (ஹெமிஸ்ஃபியர்) இருக்கும்; பெயரே அதிலிருந்துதான். உள்வரும் வால்வு ஒரு பக்கம், வெளியேறும் வால்வு எதிர்ப்பக்கம்; காற்று ஒரு பக்கம் நுழைந்து நேர் எதிரே போய்விடும், திரும்பி வளைய வேண்டியதில்லை. ஸ்பார்க் பிளக் உச்சியில். வால்வு மூடியின் நடுவே குழாய் விட்டு, அதன் வழியாகத்தான் பிளக் வயர்கள் இறங்குகின்றன. மேலே முன்னும் பின்னுமாக இரண்டு நான்கு-வாய்க் கார்புரேட்டர்கள். 425 குதிரைத்திறன் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

பானெட்டைத் திறந்தால் அந்த அகலமான கறுப்பு மூடிகள் இரண்டு பக்கமும் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். முதல் முறை அருகில் பார்த்த அன்று நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவே மறந்தேன்.

ஆனால் 1968இல் ரோட் ரன்னருக்கு ஹெமி கேட்டால் கூடுதலாக 714 டாலர். காரின் விலையில் கால்பங்கு. அதனால்தான் அந்த ஆண்டு விற்ற நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட ரோட் ரன்னர்களில் ஹெமி ஆயிரம் சொச்சம் மட்டுமே. இன்று உண்மையான ஹெமி வண்டிகளுக்கு இருக்கும் விலையும் அதனால்தான். எச் எழுத்து உள்ள காரில் ஹெமி போட்டால் இன்ஜின் கிடைக்கும், அந்த மதிப்பு கிடைக்காது. இன்னொன்று, ஹெமிக்கு இன்ஜினைத் தாங்கும் முன் குறுக்குச் சட்டமே வேறு. 383 சட்டத்தில் நேரடியாக உட்காராது.

பழைய இரும்பு – ஆபர்ன் ஹில்ஸ், மிச்சிகன்

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். இருபது ஆண்டுகளுக்கு மேல் இன்ஜின் சோதனை அறையில், திறனை அளக்கும் டைனமோமீட்டர் முன்னால் நின்றிருக்கிறேன். எண்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இந்த இழையில் எல்லோரும் எண்களையே பிடித்துத் தொங்குகிறார்கள்.

அந்தக் காலத்தில் விளம்பரத்தில் போட்டது மொத்தத் திறன். இன்ஜினைத் தனியாக மேடையில் ஏற்றி, ஏர் கிளீனர் இல்லாமல், சைலன்சர் இல்லாமல், மின்விசிறியும் ஆல்டர்னேட்டரும் இழுக்காமல் அளந்தது. காரில் பொருத்திய நிலையில் கிடைப்பது நிகரத் திறன். 1971இல் கிரைஸ்லர் இரண்டையும் சேர்த்தே வெளியிட்டது: ஹெமிக்கு மொத்தம் 425, நிகரம் 350. அதே ஆண்டு அழுத்த விகிதம் குறைக்கப்பட்ட 383க்கு மொத்தம் 300, நிகரம் 250. 1972 முதல் எல்லோருமே நிகரத்துக்கு மாறினார்கள். ஒரே ஆண்டில் எல்லா இன்ஜின்களும் செத்துப்போனதுபோல் பட்டியலில் தெரிவதற்குப் பாதிக் காரணம் இந்த அளவை மாற்றம். மீதிப் பாதி, ஈயம் குறைந்த பெட்ரோலுக்காக அழுத்த விகிதத்தைக் குறைத்தது.

அது மட்டுமா? இன்சூரன்ஸ் கம்பெனிகள் குதிரைத்திறனைப் பார்த்துக் கட்டணத்தை ஏற்றின. நேர்சாலையில் ஓடும் டிராக் பந்தயத்தில் எந்தப் பிரிவு என்பதையும் அந்த எண்தான் தீர்மானித்தது. அதனால் சிலர் வேண்டுமென்றே குறைத்து எழுதினார்கள். உங்கள் 383க்கு 335. 1968 ஏப்ரலில் ஃபோர்டு கொண்டுவந்த 428 கோப்ரா ஜெட்டுக்கும் அதே 335. இரண்டையும் ஓட்டியவர்கள் யாரும் அவற்றைச் சமம் என்று சொல்லமாட்டார்கள். ஃபோர்டின் இன்ஜின் அளவில் 45 கன அங்குலம் பெரியது, ஹெட் பெரியது, கார்புரேட்டர் பெரியது; எண் மட்டும் ஒன்று. ஆகவே தம்பி, 383க்கு 335, 440க்கு 375, ஹெமிக்கு 425 என்று வரிசைப்படுத்தி முடிவு செய்யாதீர்கள்.

நீலமுட்டை – டியர்போர்ன்

ஐயா கோப்ரா ஜெட்டைக் குறிப்பிட்டதற்கு நன்றி. 1968 பிப்ரவரியில் பொமோனாவில் நடந்த குளிர்கால டிராக் பந்தயத்திலேயே அந்த இன்ஜின் பொருத்திய ஃபோர்டு மஸ்டாங்குகள் சூப்பர் ஸ்டாக் பிரிவைத் தட்டிச் சென்றன. 335 என்ற எண்ணை அன்றே யாரும் நம்பவில்லை. வண்டி எண்ணின் ஐந்தாவது இடத்தில் ஃபோர்டிலும் எழுத்துதான்: 1969இல் கியூ, ஆர் இரண்டும் கோப்ரா ஜெட். ரோட் ரன்னர் இழையில் இதற்கு மேல் எழுதினால் அண்ணன்கள் விரட்டுவார்கள், நிறுத்திக்கொள்கிறேன்.

ஜிடிஓ மகன் – பாண்டியாக், மிச்சிகன்

இழையின் தலைப்பே விருப்பத் தேர்வு இன்ஜின்களைப் பற்றியது என்பதால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்தக் கதை தொடங்கியதே ஒரு விருப்பத் தேர்வில்தான். நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் போடக் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் தலைமை விதி வைத்திருந்தது. பாண்டியாக் பிரிவில் ஜான் டிலோரியனும் அவருடைய பொறியாளர்களும் 1964இல் 389 இன்ஜினைப் புதிய கார் என்று சொல்லாமல், டெம்பெஸ்ட் காரின் ‘ஜிடிஓ’ என்ற கூடுதல் தொகுப்பு என்று விலைப்பட்டியலில் சேர்த்தார்கள். விதி கார்களுக்குத்தான், கூடுதல் தொகுப்புகளுக்கு இல்லை! 295 டாலருக்கு 325 குதிரைத்திறன். மூன்று கார்புரேட்டர் கேட்டால் 348. முதல் ஆண்டில் 32,450 வண்டிகள் விற்றன.

மூன்று கார்புரேட்டர் வண்டியை ஓட்டியவர்களுக்குத் தெரியும்: சாதாரணமாகப் போகும்போது நடுவில் உள்ள ஒன்றே வேலை செய்யும், குடும்பக் கார் மாதிரி சாதுவாகப் போகும். அடி வரை மிதித்தால்தான் முன்னும் பின்னும் உள்ளவை வாய் திறக்கும். அப்போது வரும் உறுமல் வேறு.

கம்பிக்கட்டு – கொலம்பஸ், ஒஹாயோ

நான் எதிர்க்கட்சி. ஐயா சொன்ன கணக்கையே எடுத்துக்கொள்வோம். 1971 ஹெமியின் நிகரம் 350. 2009 சேலஞ்சர் ஆர்டி காரில் வந்த 5.7 லிட்டர் புதிய ஹெமியின் நிகரம் 370க்கு மேல். பெட்ரோல் ஊசி முறை, கணினி, குளிரில் ஒரே திருப்பில் ஸ்டார்ட். பழைய வண்டிகளை உடைக்கும் கூடங்களில் நல்ல இன்ஜின் கிடைக்கிறது. என் 1970 சாட்டிலைட்டில் அதைத்தான் போட்டிருக்கிறேன். வயரிங், பெட்ரோல் பம்ப், முன் சட்டம் மூன்றுக்கும் செலவு உண்டு என்பதை மறைக்கமாட்டேன். ஆனால் போன கோடையில் குடும்பத்தோடு டென்னசி வரை போய்த் திரும்பினேன், ஒரு இடத்திலும் பானெட்டைத் திறக்கவில்லை. கார் ஓட்டுவதற்குத்தானே, தம்பி?

வால்வு சத்தம்

கம்பிக்கட்டு, உங்கள் வண்டியைப் பார்த்திருக்கிறேன், வேலை சுத்தம். உங்களுக்குக் கிடைத்தது இன்ஜின் இல்லாத வெறும் கூடு. அதில் எதைப் போட்டாலும் நியாயம். தம்பியிடம் இருப்பது முழு வண்டி. பிறந்த இன்ஜினோடு இருக்கும் ரோட் ரன்னரில் முதல் வெட்டை யார் போடுவது என்பதுதான் என் கவலை.

வெண்சாலை

பார்த்துவிட்டேன். டேஷ்போர்டில் ஆர்எம்23எச்9ஏ. பிளாக்கைப் பார்க்க ஒன்றரை மணி நேரம் வண்டிக்கு அடியில் படுத்துக்கிடந்தேன். கறுப்புப் பிசுக்கு விரல் கனத்துக்கு ஒட்டியிருந்தது. முதலில் 9 தெரிந்தது, பிறகு ஏ. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால்தான் எண்களின் பள்ளத்தில் நிழல் விழுந்து தெரிகிறது. கடைசி ஆறு இலக்கமும் டேஷ்போர்டோடு அப்படியே ஒத்துப்போகின்றன. ஏ என்றால் டெட்ராய்ட் லிஞ்ச் ரோடு ஆலையாம். என் வீட்டிலிருந்து அரை மணி நேரத் தூரத்தில் இந்தக் காரும் இன்ஜினும் ஒரே இடத்தில் சேர்ந்திருக்கின்றன.

கம்ப்ரெஷன் அளவைகள், சதுர அங்குலத்துக்குப் பவுண்டில்: 1 – 148, 2 – 150, 3 – 142, 4 – 150, 5 – 95, 6 – 145, 7 – 147, 8 – 150. ஐந்தாவதுதான் திருடன். இனி என்ன?

வால்வு சத்தம்

ஏழு சிலிண்டர் இப்படி இருக்கும் இன்ஜினை எடுத்துவிடச் சொன்னாரா அவர்!

ஐந்தாவது பிளக் துளை வழியாக ஒரு மேசைக்கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு. பிறகு இரண்டு வால்வும் மூடியிருக்கும் நிலையில் பிஸ்டனை மேலே நிறுத்தி, அந்தத் துளை வழியாகக் கம்ப்ரெஸர் காற்றைக் கொடுங்கள். கார்புரேட்டரிலிருந்து சீறினால் இன்டேக் வால்வு; சைலன்சர் குழாயிலிருந்து சீறினால் எக்ஸாஸ்ட்.

வெண்சாலை

ஆயில் விட்ட பிறகும் 97. காற்றைக் கொடுத்துவிட்டுப் பின்னால் ஓடிப்போய்ச் சைலன்சர் குழாயில் காதை வைத்தேன். உஸ்ஸென்று தெளிவாகக் கேட்டது. என் மனைவியையும் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன், அவளுக்கும் கேட்டது.

பழைய இரும்பு

அந்த ஹெட்டில் 3ஆவது, 5ஆவது சிலிண்டர்களின் எக்ஸாஸ்ட் வால்வுகள் நடுவில் அடுத்தடுத்து நிற்கும். சூடு அங்கேதான் அதிகம் சேரும். உங்கள் மூன்றாவதும் மற்றவற்றைவிடக் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, பார்த்தீர்களா?

1969 ஹெட்டில் வால்வு உட்காரும் இடம், அதாவது சீட், வெறும் வார்ப்பிரும்பு. அந்தக் காலப் பெட்ரோலில் இருந்த ஈயம் வால்வுக்கும் சீட்டுக்கும் நடுவே மெல்லிய படலமாகப் படிந்து காப்பாற்றியது. ஈயம் போன பிறகு, சூடான வால்வு ஒவ்வொரு முறை மூடும்போதும் இரும்பைத் துளித்துளியாகப் பிய்த்து எடுக்கிறது. சீட் உள்ளே இறங்குகிறது, வால்வு முழுதாக மூடுவதில்லை, வெப்பம் வெளியேற வழியில்லாமல் விளிம்பு எரிகிறது. தினமும் கொஞ்ச தூரம் ஓடும் வண்டிக்கு இது வர நாளாகும். நெடுஞ்சாலையில் விரட்டி ஓட்டிய வண்டிக்குச் சீக்கிரம் வரும். இரண்டு ஹெட்டையும் லேத் பட்டறைக்குக் கொண்டுபோய், எட்டு எக்ஸாஸ்ட் சீட்டுக்கும் கடின எஃகு வளையம் போட்டு வாருங்கள். ஒரு பக்கம் மட்டும் செய்யாதீர்கள்.

கயல் – கிளீவ்லேண்ட்

வெண்சாலை தம்பி, ஹெட்டை எடுக்கும்போது கேம் ஷாஃப்டையும் பார்த்துவிடுங்கள். நான் பட்டதைச் சொல்கிறேன்.

என்னிடம் இருப்பது 1970 பியூக் ஜிஎஸ் 455. பட்டியலில் 350 குதிரைத்திறன்தான், ஆனால் நிமிடத்துக்கு 2,800 சுற்றிலேயே 510 பவுண்டு-அடி முறுக்குவிசை. சிக்னலில் பச்சை விழுந்ததும் முதுகு இருக்கையில் ஒட்டிக்கொள்ளும். 5,000 சுற்று வரை காத்திருக்க வேண்டியதில்லை. தெருவில் ஓட்டுகிறவர்களுக்கு அதுதான் இன்பம். அந்த இன்ஜினைப் புதுப்பிக்க ஒரு பட்டறையில் கொடுத்தேன். புது கேம், அதன் மேல் உட்கார்ந்து வால்வைத் தூக்கும் புது லிஃப்டர் போட்டவர்கள், முதல் முறை ஸ்டார்ட் செய்துவிட்டு ஐடிலிங்கிலேயே விட்டுக் கார்புரேட்டரைத் திருகிக்கொண்டிருந்தார்களாம். ஊற்றியதும் இக்காலக் கார்களுக்கான சாதாரண ஆயில். நானூறு மைல் ஓடுவதற்குள் டக் டக் என்று சத்தம். திறந்து பார்த்தால், முட்டையின் முனைபோல் எழும்பியிருக்க வேண்டிய மூன்று கேம் மேடுகள் வட்டமாகத் தேய்ந்திருந்தன. தேய்ந்த இரும்புத்தூள் பேரிங் முழுவதும். பணம் முழுவதும் இரண்டாம் முறை. அன்று ஷெட்டில் உட்கார்ந்து அழுதேன்.

இந்தக் கால இன்ஜின்களில் கேமின் மேல் உருளும் சக்கரம் இருக்கிறது. நம் இன்ஜின்களில் தட்டையான லிஃப்டர் கேமின் மேல் உரசுகிறது. அதற்குத் துத்தநாகச் சேர்மம் அதிகம் உள்ள ஆயில் வேண்டும். இன்றைய சாதாரண ஆயிலில் அதைக் குறைத்துவிட்டார்கள். புது கேம் போட்டால் ஸ்டார்ட் ஆனவுடனே 2,000 சுற்றுக்கு ஏற்றி, இருபது நிமிடம் இறக்காமல் ஓட்ட வேண்டும். ஐடிலிங்கில் மேலே தெறிக்கும் ஆயில் போதாது. பழைய கேம் நன்றாக இருந்தால் அதே லிஃப்டர்களை அதே துளையில் திருப்பிப் போடுங்கள், இடம் மாற்றாதீர்கள்.

வெண்சாலை

அக்கா, நன்றி. நீங்கள் சொல்லாவிட்டால் லிஃப்டர்களை ஒரே டப்பாவில் போட்டிருப்பேன். முட்டை அட்டையில் எண் எழுதி ஒவ்வொன்றாக வைத்திருக்கிறேன்.

ஒரு கேள்வி. ஹெட் எப்படியும் வெளியே வந்துவிட்டது. இப்போதே 440 பிளாக் ஒன்றைத் தேடிப் போட்டு, இந்த 383 பிளாக்கைத் துணி சுற்றிப் பத்திரமாக வைத்துவிடலாமா? ஆசை இன்னும் முழுதாக விடவில்லை.

இரட்டை நான்கு

அதில் தவறில்லை, அந்தக் காலத்திலிருந்தே பலர் செய்ததுதான். 440இன் பிளாக் உங்களுடையதைவிட முக்கால் அங்குலம் உயரம். அதே முன் சட்டத்தில் உட்காரும், அதே ஹெட் பொருந்தும். இன்டேக் மேனிஃபோல்ட், தள்ளுகம்பிகள், டிஸ்ட்ரிபியூட்டர் மூன்றையும் மாற்ற வேண்டும்.

ஆனால் இந்தக் கணக்கைப் பாருங்கள். உங்கள் 383இன் போர் (சிலிண்டர் விட்டம்) 4.25 அங்குலம், ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 3.38. ஹெமியின் போர் அதே 4.25, ஸ்ட்ரோக் 3.75. உங்கள் பிளாக்கிலேயே 3.75 ஸ்ட்ரோக் கிராங்க் ஷாஃப்ட் போட்டால் கொள்ளளவு சரியாக 426 கன அங்குலம்! ஹெமியின் தலை இருக்காது, அளவு இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் அதே பிளாக், அதே பொறித்த எண். என்றாவது அடிப்பாகத்தையும் திறக்க வேண்டி வந்தால் அப்போது செய்யுங்கள். இப்போது 150 பவுண்டு காட்டும் சிலிண்டர்களைத் தொட வேண்டாம். இதை ஹெமிப் பைத்தியமான நானே சொல்கிறேன்.

கம்பிக்கட்டு

அந்த அளவைகளைப் பார்த்த பிறகு நானும் என் வாக்கை மாற்றிக்கொள்கிறேன். ஹெட்டை மட்டும் சரிசெய்யுங்கள். ரேடியேட்டரைச் சுத்தம் செய்யவும் மறக்காதீர்கள். அணிவகுப்பில் நடை வேகத்தில்தான் நகர வேண்டியிருக்கும், ஆகஸ்டு வெயில்.

பழைய இரும்பு

பெட்ரோலையும் கவனியுங்கள். அழுத்த விகிதம் 10க்கு 1, வார்ப்பிரும்பு ஹெட். பம்பில் கிடைக்கும் 93 ஆக்டேன் பெட்ரோல் போடுங்கள், அதற்குக் கீழே இறங்க வேண்டாம். மேட்டில் மிதிக்கும்போது டப்பாவில் கூழாங்கல் குலுக்குவதுபோல் சத்தம் கேட்டால் இக்னிஷன் டைமிங்கை இரண்டு டிகிரி பின்னால் தள்ளுங்கள்.

வெண்சாலை

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னியுங்கள்.

பட்டறைக்காரர் ஐந்தாவது எக்ஸாஸ்ட் வால்வை என் உள்ளங்கையில் வைத்தார். விளிம்பில் பிறை நிலா வடிவத்தில் ஒரு துண்டு எரிந்து போயிருந்தது. சுற்றிலும் வெள்ளைச் சாம்பல் நிறம். மூன்றாவது அந்த நிலைக்குப் போகும் வழியில் இருந்தது. எட்டுக்கும் எஃகு வளையம் போட்டாயிற்று. கேம் மேடுகள் எல்லாம் நல்ல நிலையில் இருந்தன, லிஃப்டர்கள் முட்டை அட்டை வரிசைப்படியே உள்ளே போயின. ஐந்தாவது இப்போது 149.

நேற்று மாலை வால்வு சத்தம் அண்ணன் டோலிடோவிலிருந்து வந்து டைமிங் வைத்துக் கொடுத்தார். இருவரும் வெளியே எடுத்துப் போனோம். நேரான சாலையில் மூன்றாவது கியரில் அவர் “இப்போது மிதி” என்றார். கார்ட்டர் கார்புரேட்டரின் பின் வாய்கள் திறந்ததை முதலில் காதில் கேட்டேன், முன்பக்கம் எழும்பியதைப் பிறகுதான் உணர்ந்தேன். வாங்கிய நாளிலிருந்து இந்த வண்டி ஒரு முறைகூட அப்படி இழுத்ததில்லை. திரும்பும்போது இருவரும் பேசவே இல்லை.

440 தேடுவதை விட்டுவிட்டேன். ஊதா நிற ஹார்னும் வேலை செய்கிறது. அணிவகுப்பு அன்று காலை எட்டு மணிக்கு ராயல் ஓக்கில் 13 மைல் சாலை முனையில் நிற்பேன். கயல் அக்கா, பியூக்கைக் கொண்டுவருகிறீர்களா?

கயல்

வருகிறேன், தம்பி. பக்கத்தில் ஒரு இடம் பிடித்து வையுங்கள்.